ஒன்பது கற்களுக்குத் தண்ணீர்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் 'ஒருமனதாக' என்ற சொல் அடிக்கப்பட்டு, அதற்கு மேலே 'பதினோரு பேரில் பத்துப் பேர் சம்மதத்துடன்' என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கும். அடித்தது நான். அடிக்க வைத்தவர் மிஸ்.

அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் அஸ்தினாபுரத்தில் எங்கள் பன்னிரண்டு வீட்டு அடுக்ககத்தில் எல்லோருக்கும் அவர் மிஸ்தான். தாம்பரத்தைத் தாண்டி ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சிவில் பிரிவில் பாடம் எடுத்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என் வீட்டுக்கு நேர் மேலே தனியாகக் குடியிருந்தார். கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி யாராவது கேட்டால், "அமையலை. நானும் தேடலை. ரெண்டும் உண்மை" என்பார்.

அன்று கூட்டத்தில் மொட்டை மாடியைப் பூட்டி வைப்பது என்று முடிவெடுத்தோம். நான் வழக்கம்போல 'ஒருமனதாக' என்று எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். மிஸ் பேனாவை வாங்கி, படித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் கை தூக்கலையே."

"பரவால்ல மிஸ். ஒரு பேச்சுக்கு அப்படித்தான் எழுதறது."

"பேச்சுன்னா பேசிட்டுப் போயிடலாம். எழுதிட்டீங்கன்னா அது நடந்ததுன்னு ஆயிடுமே."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல்தான். அடித்துத் திருத்தினேன். உடனே கையெழுத்துப் போட்டுவிட்டு, "மாடியைப் பூட்டறதுல எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லக்கா" என்றார். அவருடைய சண்டை மாடியோடு இல்லை.

மாடிப்படி முழுக்க ஒரு நாள் கரித்தூள் சிந்திக் கிடந்தது. யார் வேலை என்று விசாரிக்க நான் கிளம்புவதற்குள் கீழே மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'படியில் சாம்பல் சிந்தியது நான். சாக்கில் ஓட்டை இருந்ததைப் பார்க்காமல் தூக்கி வந்துவிட்டேன். மாலை ஆறு மணிக்குள் துடைத்துவிடுகிறேன்.' ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கடைசிப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாளைக் கிழிக்கப் போனேன். அவர் தடுத்து, அதன் கீழே '5.55 – முடிந்தது' என்று எழுதிவிட்டுத் தானே கிழித்தார்.

அந்தச் சாம்பல்தான் அவருடைய ஒன்பது வருட ஆராய்ச்சி. செங்கல்பட்டைத் தாண்டி ஓர் அரிசி ஆலை இருக்கிறது. அங்கே நெல் உமியைத்தான் அடுப்பில் போட்டு எரிக்கிறார்கள். எரிந்த சாம்பலை என்ன செய்வது என்று தெரியாமல் ஏரிக்கரையில் கொட்டுகிறார்கள். அதை அரைத்து, சலித்து, சிமெண்டில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கலந்து கான்கிரீட் போட முடியுமா என்பதுதான் மிஸ்ஸின் கேள்வி.

ஒரு முறை என் உள்ளங்கையில் இரண்டு சிட்டிகை வைத்தார். ஒன்று கறுப்பு, ஒன்று வெளிர் சாம்பல்.

"இந்த வெளிர் நிறத்தை வெச்சு நிறைய பேர் பண்ணிட்டாங்கக்கா. உலையில அளவா சூடு வெச்சு எரிச்சது. சிமெண்டோட நல்லா சேரும். ஆனா ஆலைக்காரர் அப்படி எரிக்கறது இல்லையே. அவர் கொட்டறது இந்தக் கறுப்பும் வெளுப்பும் கலந்தது. எனக்கு அவர் கொட்டறதுதான் வேணும். சின்னதா ரெண்டு ரூம் கட்டறவங்களுக்கு சிமெண்ட் குறைஞ்சா நல்லதுதானே?"

சிக்கலும் அங்கேதான் இருந்தது. ஒரு லோடு சாம்பல் நன்றாக வேலை செய்யும். அடுத்த லோடு காலை வாரிவிடும். அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர், "நல்லா வந்த லோடை மட்டும் போட்டு முடிச்சுடும்மா" என்று பல தடவை சொல்லியிருக்கிறார். மிஸ் வராததையும் எழுதினார். எழுதினால் ஏன் வரவில்லை என்று விளக்க வேண்டும். விளக்க இன்னொரு முறை செய்துபார்க்க வேண்டும். அவருக்குப் பின்னால் பதிவு செய்தவர்கள் எல்லாம் முனைவர் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். பல்கலைக்கழகம் கொடுத்த காலக்கெடு முடிந்து, நீட்டித்துக் கொடுத்ததும் முடியப்போகும் கோடையில்தான் அந்தத் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது.

சென்னையில் இருந்தவர்களுக்கு அந்தக் கோடையைச் சொல்லத் தேவையில்லை. எங்கள் போர்வெல் காற்றைத் துப்பியது. லாரி இரண்டு நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் மூன்று நாளைக்கு ஒரு தடவை வந்தது. வீட்டுக்கு ஆறு குடம் என்று செயலாளராக நான்தான் வரிசையில் நின்று பிரித்துக் கொடுத்தேன். அந்த ஆறு குடத்துக்காகப் பத்து வருடப் பழக்கமெல்லாம் முறிந்தது.

ஒரு பகல் வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. டிரைவர் இறங்கிப் பின் சீட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா இது? கல்லுன்னு சொன்னே, இம்மாம் வெயிட்டு கீது! என் வண்டி இன்னாத்துக்கு ஆவும்?"

மிஸ் ஒவ்வொன்றாக இறக்கினார். ஈரச் சாக்கில் சுற்றிய கான்கிரீட் கட்டிகள், அரையடி உயரம், சதுரம். ஒன்று எட்டுக் கிலோ. மொத்தம் ஒன்பது. மூன்று வெறும் சிமெண்டில் செய்தது, மூன்று கொஞ்சம் சாம்பல் கலந்தது, மூன்று ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் கலந்தது.

கான்கிரீட்டை வார்த்தபின் இருபத்தெட்டு நாள் தண்ணீருக்குள் வைத்திருந்து, பிறகு எந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்துத்தான் அதன் பலத்தைச் சொல்வார்களாம். கல்லூரியில் தண்ணீர் இல்லை. வார்த்த ஐந்தாம் நாள் ஆய்வகத் தொட்டியில் இருந்ததை இறைத்துக் கழிவறைகளுக்கு விட்டுவிட்டார்கள். விடுமுறையையும் முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள்.

"இதுதான் கடைசித் தடவை அக்கா. இனிமே வார்க்க நாள் இல்ல" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

குளியலறையில் ஒரு நீல டிரம் வாங்கி வைத்தார். அடியில் ஐந்து கட்டி, மேலே நான்கு. மேல் அடுக்கில் சாம்பல் அதிகம் கலந்த மூன்றும் இருந்தன. முதல் இரண்டு லாரியில் தன் பங்குக்கு வந்ததை முழுக்க டிரம்மில் ஊற்றினார். அந்த நாட்களில் அவர் எப்படிக் குளித்தார், எதைக் குடித்தார் என்று நான் கேட்கவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தார். பார்த்தால் வணக்கம் சொல்வதற்குப் பதில், "பதினாலு ஆச்சுக்கா" என்பார். மறுநாள், "பதினஞ்சு." மூன்றாவது மாடி வீட்டுக்காரர் ஒரு நாள் வரிசையில் உரக்கவே சொன்னார்: "மனுஷன் நாக்கு வறண்டு கெடக்கான். இங்க கல்லுக்கு ஊத்தறாங்க." மிஸ் திரும்பி, "என் பங்கு ஆறு குடம்தான் சார். அதுக்கு மேல ஒரு சொட்டு எடுக்கலை" என்றார்.

பதினெட்டாம் நாள் ஊரில் மிஸ்ஸின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். போயே ஆக வேண்டும். டிரம்மின் உட்புறத்தில் தண்ணீர் மட்டத்துக்குப் பேனாவால் கோடு போட்டுவிட்டு, சாவியை என்னிடம் கொடுத்தார்.

"மேல கட்டி தெரியற மாதிரி இறங்கினா மட்டும் என் பங்குலேர்ந்து கொஞ்சம் ஊத்துங்கக்கா. மத்தபடி எல்லாம் நீங்களே வெச்சுக்கோங்க."

அவர் போன பிறகு லாரி வரவில்லை. மூன்றாம் நாள் காலை கீழ் வீட்டு அம்மா என் கதவைத் தட்டினார். அவர் கணவருக்குப் பக்கவாதம், படுக்கையில் இருந்தார்.

"ராத்திரிலேர்ந்து அப்படியே கெடக்கார்மா. கழுவ ஒரு சொம்புத் தண்ணி இல்ல. ஒரே ஒரு பக்கெட் இருந்தாப் போதும்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

சாவியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். டிரம்மிலிருந்து ஒரு பக்கெட் மொண்டு கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை இன்றைக்கும் தவறு என்று நினைக்கவில்லை.

திரும்பி வந்தபோது என் வீட்டுக் கழிவறையிலிருந்து நாற்றம் கூடத்துக்கே வந்துகொண்டிருந்தது. என் மகனும் மருமகளும் பெங்களூரிலிருந்து அன்று மாலை வருவதாக இருந்தார்கள். மேலே போய், பூட்டிவிட்டு வந்த மிஸ்ஸின் கதவை மறுபடி திறந்தேன். இரண்டு பக்கெட் எடுத்தேன். மேல் அடுக்கு நான்கு கட்டிகளும் முழுசாக வெளியே தெரிந்தன. நாளைக்கு லாரி வந்தால் ஊற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

லாரி மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் பாதி லோடுதான் வந்தது. வீட்டுக்கு மூன்று குடம். மிஸ்ஸின் மூன்று குடமும் என் வாசலில்தான் இருந்தது. வீட்டில் விருந்தாளிகள். ஒரு குடத்தையாவது மேலே கொண்டுபோயிருக்கலாம். காலையில் பார்ப்போம் என்று விட்டேன். காலையில் மிஸ் வந்துவிட்டார்.

பையைக்கூட இறக்கி வைக்காமல் என் வாசலில் நின்றார். கையில் நோட்டுப் புத்தகம் திறந்திருந்தது.

"அக்கா, டிரம்முல தண்ணி இறங்கிக் கிடக்கு. நீங்க எடுத்தீங்களா?"

"ஆமா மிஸ். கீழ் வீட்டுக்காரர் ரொம்ப மோசமா…"

"எத்தனை பக்கெட்?"

"மூணு."

"மூணும் அவருக்கா?"

நான் தலையை ஆட்டினேன். வாயால் சொல்லவில்லை.

"என்னிக்கு, எத்தனை மணிக்கு?"

சொன்னேன். எழுதிக்கொண்டார். "எடுத்தது சரிதான்க்கா. நான் இருந்திருந்தாலும் அவருக்குக் கொடுத்திருப்பேன்" என்றார். பிறகு மேலே போய்விட்டார். சற்று நேரத்தில் குளியலறைத் தரையில் அவர் உட்கார்ந்து அழும் சத்தம் என் குளியலறை ஜன்னல் வழியாக இறங்கி வந்தது. அழுவது யார் என்று மருமகள் கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

இருபத்தெட்டாம் நாள் கட்டிகளைக் கல்லூரிக்குக் கொண்டுபோக நானும் துணைக்குப் போனேன். ஆய்வகத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. மிஸ் ஒவ்வொரு கட்டியாக எந்திரத்தின் இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்தார். முள் மெல்ல ஏறும். ஓர் இடத்தில் கட்டி முனகுவது மாதிரி ஒரு சத்தம். பிறகு ஓரம் பிளந்து சில்லு விழும். அந்த இடத்தில் முள் காட்டும் எண்ணை எழுதுவார். வெறும் சிமெண்ட் மூன்றும் தாங்கின. கொஞ்சம் சாம்பல் கலந்தவை அதைவிட நன்றாகத் தாங்கின. காற்றில் கிடந்த ஒன்று மட்டும் சற்றுக் குறைந்தது. மிஸ்ஸின் முகத்தில் ரத்தம் ஊறுவதைப் பார்த்தேன். அடுத்து, சாம்பல் அதிகம் கலந்த மூன்று. முதலாவது சீக்கிரமே உடைந்தது. இரண்டாவது அதைவிடச் சீக்கிரம். மூன்றாவதை வைக்கும் முன் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய ஏதோ ஜெபித்தார். அதுவும் உடைந்தது.

எழுதினார். எழுதிவிட்டு உடைந்த சில்லுகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சாம்பல் போட்டது மெதுவாத்தான் இறுகும் அக்கா. அதுக்கு ஈரம் ரொம்ப நாள் வேணும். மூணு நாள் காஞ்சது அதுக்குத் தாங்கலை." கீழே கிடந்த ஒரு சில்லைக் கையில் எடுத்தார். "நான் யாருக்காகப் பண்றேன்? ரெண்டு ரூம் கட்டறவங்களுக்கு. அவங்க இருபத்தெட்டு நாள் தண்ணி ஊத்துவாங்களா? இந்த ஊர்ல ஊத்த முடியுமா? ஒன்பது வருஷமா தொட்டியில முக்கி வெச்சே பார்த்திருக்கேன். வெளிய காய விட்டு ஒரு தடவைகூடப் பார்க்கலை. உண்மை இப்பதான் வந்திருக்கு. இப்ப எனக்கு நேரம் இல்ல."

அங்கிருந்தே பேராசிரியருக்குப் போன் செய்தார். அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. மிஸ் பேசியது மட்டும் கேட்டது.

"குறைஞ்சிடுச்சு சார்… இல்ல சார், தண்ணிக்கு வெளிய இருந்தது… அதை எப்படி சார் விட முடியும்?… பழைய நம்பரை இதுக்குப் போட முடியாது சார், அது வேற லோடு… தெரியும் சார். என் வேலை போயிடும்னு தெரியும் சார்."

இன்னும் ஆறு மாதம் கேட்டு விண்ணப்பம் எழுதினார். தண்ணீர் எடுக்கப்பட்டதற்கு ஆதாரமாகச் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்று என்னிடம் வந்தார். ஒரு வரி போதுமாம்: இன்ன தேதியில் இத்தனை பக்கெட் தண்ணீர் இன்ன காரணத்துக்காக எங்களால் எடுக்கப்பட்டது.

கமிட்டியில் வைத்தேன். மூன்றாவது மாடிக்காரர் கொதித்தார். "பூட்டின வீட்டைத் திறந்து எடுத்தோம்னு நாமளே எழுதித் தர்றதா? நாளைக்குக் கேஸு கீஸுன்னு போனா யார் நிப்பா? எழுத்துல எதையும் கொடுக்காதீங்க மேடம்." எல்லோரும் ஆமோதித்தார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது.

"கமிட்டி ஒத்துக்கலை மிஸ்" என்றேன் படியில் நின்றபடி.

"கமிட்டி வேணாம்க்கா. நீங்க எழுதுங்க. உங்க பேர்ல."

எழுதினால் எதற்காக எடுத்தேன் என்று எழுத வேண்டும். மூன்று பக்கெட்டும் அவருக்கே என்று என் கையால் எழுத எனக்கு வரவில்லை. இரண்டு எனக்கு என்று எழுதவும் வரவில்லை.

"பாக்கலாம் மிஸ்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் அவர் என்னைத் தொட்டதே இல்லை. "வெள்ளிக்கிழமை கடைசி நாள்க்கா. இது ஒண்ணுதான் இருக்கு. கெஞ்சிக் கேக்கறேன்." உள்ளங்கை சொரசொரவென்று சிமெண்ட் பட்டு வெடித்திருந்தது.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் நான் ஆபீஸ் முடிந்து வரும்போது படியில் உட்கார்ந்திருந்தார். மூன்று நாளும் போனில் பேசிக்கொண்டே அவரைத் தாண்டிப் போனேன். வியாழக்கிழமை போனில் யாருமே இல்லை.

கடிதம் இல்லாமலேயே விண்ணப்பம் போனது. காரணத்துக்கு ஆதாரம் இணைக்கப்படவில்லை என்று பதில் வந்தது. கடிதம் இருந்திருந்தால் கொடுத்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் கல்லூரியில் சிவில் பிரிவுக்குச் சேர்க்கை குறைந்தது. பட்டம் முடிக்காதவர்களை முதலில் அனுப்பினார்கள். குன்றத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் வேலை கிடைத்து வீட்டைக் காலி செய்தார். டிரம்மைக் கழுவிக் கீழ் வீட்டு அம்மாவுக்குக் கொடுத்தார். என்னிடம், "வரேன்க்கா" என்றார். குரலில் கோபம் இல்லை. அப்போதும் நான் சொல்லவில்லை.

கீழ் வீட்டுக்காரர் அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார். பத்தாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பியபின் அந்த அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "அந்தப் பஞ்சத்துல ஒரு பக்கெட் தண்ணி கொண்டாந்து கொடுத்தியேம்மா. அன்னிக்கு அவர் கண்ணுல தண்ணி வந்துச்சு. நீ நல்லா இருக்கணும்" என்றார்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதினேன். ஒரு பக்கெட் பக்கவாத நோயாளிக்கு. இரண்டு பக்கெட் என் வீட்டுக் கழிவறைக்கு. திரும்ப ஊற்றத் தண்ணீர் இருந்தும் ஊற்றவில்லை. கேட்டபோது மூன்றும் நோயாளிக்கு என்று நம்பவைத்தேன். கீழே என் பெயர், கையெழுத்து. தேதியாக, அவர் கேட்டு நின்ற அந்த வியாழக்கிழமையின் தேதியைப் போட்டேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, விலாசம் விசாரித்துக்கொண்டு அப்போதே பஸ் ஏறினேன். குன்றத்தூர் மலைக்கோயிலைத் தாண்டி உள்ளே போகும் ஒரு தெருவில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறை. மிஸ் கதவைத் திறந்தார். முன்பக்கம் முடி பாதி நரைத்திருந்தது. தரையில் பரீட்சைத் தாள்கள் பரப்பியிருந்தன. என்னைப் பார்த்ததும், "அம்மா போயிட்டாங்கக்கா, மார்ச்சுல" என்றார், நான் அதைக் கேட்கத்தான் வந்தது மாதிரி. பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன்.

நின்றுகொண்டே படித்தார். ஓர் இடத்தில் கண் நின்றது. மறுபடி அந்த வரிக்கே போனது. கீழ்த் தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பும் வரைக்கும் அவர் நிமிரவில்லை.

"ரெண்டு உங்களுக்கா" என்றார்.

"ஆமா மிஸ்."

"நான் நோட்டுல வேற மாதிரி எழுதியிருக்கேன்."

"தெரியும்."

"ஒன்பது வருஷத்து நோட்டுக்கா அது."

அவர் தாளின் அடியைப் பார்த்தார்.

"தேதி அப்பத்துத் தேதியா போட்டிருக்கீங்க."

"அப்படிப் போட்டா உங்களுக்கு எங்கயாவது உதவும்னு…"

"இது இனிமே எங்கயும் உதவாதுக்கா." மேஜையிலிருந்து தாள் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்து நீட்டினார். "இன்னிக்கு எழுதினதுதானே? இன்னிக்குத் தேதியைப் போடுங்க."

தாளைச் சுவரில் வைத்து, பழைய தேதியை அடித்துவிட்டு எழுதினேன். காரை பெயர்ந்த சுவர். எழுத்துக் கோணலாக வந்தது. அவர் வாங்கி, மை காயும் வரை பிடித்திருந்தார். எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்காருங்கள் என்று அவர் கடைசி வரை சொல்லவில்லை.